ஆயிரத்தில் ஒரு பங்கு

தமிழில் தேள் கொட்டும், குளவி கொட்டும், தேனீ கொட்டும். எறும்பு மட்டும் கடிக்கும். நாய்க்கும் பாம்புக்கும் உள்ள அதே வினைச்சொல்லை எறும்புக்கும் கொடுத்து வைத்திருக்கிறோம். இது பாதிதான் சரி. மீதிப் பாதியில் என்ன இருக்கிறது என்பதை, எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் பூச்சியியல் படித்தவனல்ல. வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்று, வேலை பார்த்த புவனேஸ்வரத்திலேயே தங்கிவிட்டவன்.

முதலில் சரியான பாதி. கட்டெறும்பும் முசுறும் நிஜமாகவே கடிப்பவைதான். அவற்றுக்குக் கொடுக்கு கிடையாது. தாடையால் தோலைக் கிழித்து, வயிற்றின் நுனியை முன்னால் வளைத்து, காயத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். ஃபார்மிக் அமிலம். லத்தீனில் எறும்புக்கு 'ஃபார்மிகா' என்று பெயர். எறும்பிடமிருந்து வந்த பெயரை அமிலத்துக்கு வைத்துவிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் எறும்பின் புளிப்புச் சாறு பற்றி எழுதியிருக்கிறார். 1749இல் ஜெர்மானிய வேதியியலாளர் மார்கிராஃப் எறும்புகளை வாலையில் வடித்து அமிலத்தைத் தனியே பிரித்தார். மிகச் சிறிய மூலக்கூறு அது. இந்த எறும்புகளின் விஷத்தில் புரதம் என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய எதுவும் இல்லை. எரியும், தடிக்கும், மறந்துவிடும்.

இந்த ஊரில் அதைத் தின்னவும் செய்கிறார்கள். ஒடிஷாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் சந்தைகளில் முசுறுகளை அவற்றின் முட்டையோடு இலைப் பொட்டலத்தில் விற்பார்கள். உப்பு, பூண்டு, இஞ்சி, மிளகாய் சேர்த்து அம்மியில் அரைத்தால் 'காய்' சட்னி. பெயரைக் கேட்டு, காய்கறி என்று நம்பி வாயில் போட்டுவிடாதீர்கள். ஒடியாவில் 'காய்' என்றால் முசுறு. சிமிலிபால் காய் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடே கிடைத்தது. எலுமிச்சை பிழிந்த மாதிரி ஒரு புளிப்பு இருக்கும். விஷத்தைத்தான் ருசிக்கிறோம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் தொண்டையில் கொஞ்சம் தயங்கும்.

இனி மற்ற பாதி. எறும்புகள் குளவி வம்சம். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கொட்டும் குளவிக் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தவை. குளவியின் கொடுக்கு என்பது முட்டையிடும் குழாய், வேறு வேலைக்கு மாற்றப்பட்டது. ஆகவே பெண்ணுக்குத்தான் கொடுக்கு உண்டு. எறும்புப் புற்றில் வேலைக்காரிகள் எல்லாமே பெண்கள் என்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கட்டெறும்புக் குடும்பம் கொடுக்கை இழந்துவிட்டது. நெருப்பெறும்பும் வேறு பல ஜாதிகளும் பத்திரமாக வைத்திருக்கின்றன. இவை கடிப்பது பிடிமானத்துக்கு. காரியம் நடப்பது பின்பக்கத்தில். நெருப்பெறும்பு தாடையால் தோலைக் கவ்விக்கொண்டு, அதையே அச்சாக வைத்துச் சுழன்று வட்டமாகப் பல இடங்களில் கொட்டும்.

எங்கள் குடியிருப்பின் பின்னால் ஒரு முருங்கை மரம். அதன் அடிமரத்துப் பொந்தில், மெலிந்த, நீண்ட, நடுவில் செம்மண் நிறமும் தலையும் வாலும் கறுப்புமான எறும்பு உண்டு. சாரிசாரியாகப் போகாது; தனித்தனியாக, ஏதோ அவசர வேலை இருப்பது போல் மரத்தில் ஏறி இறங்கும். கீரை பறித்துக்கொண்டிருந்த என் மனைவியை அது முதல் முறை கொட்டியபோது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வீங்கி இரண்டு நாளில் வடிந்தது.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே மரம், அதே எறும்பு. "ஏங்க, கை எரியுது" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தாள். ஐந்து நிமிஷத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. உடம்பு முழுக்கத் தடிப்பு. குரல் மாறியது. பிறகு, "கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றாள். ஆட்டோவில் போட்டு, பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

சீட்டு எழுதுபவர் என்ன கடித்தது என்று கேட்டார். எறும்பு என்றேன். "பிம்புடி?" என்று ஒடியாவில் திருப்பிக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். ரத்த அழுத்தத்தின் மேல் எண் 70க்கு வந்திருந்தது. பயிற்சி முடித்துப் புதிதாக வந்த டாக்டர் அரிப்புக்கு ஒரு ஊசியும் ஸ்டீராய்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தார். இருபது நிமிஷம் கழித்து மூத்த டாக்டர் வந்தார், சீட்டைக்கூடப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார், "அட்ரினலின்" என்றார், தொடையில் போட்டார். பத்து நிமிஷத்தில் அவளுடைய குரல் திரும்பி வந்தது. அந்த இருபது நிமிஷத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் முதல் மருந்து அட்ரினலின்தான் என்று உலகம் முழுவதும் மருத்துவ வழிகாட்டிகள் ஒரே குரலில் சொல்கின்றன. அரிப்பு ஊசி அரிப்பைத்தான் நிறுத்தும். சரியும் ரத்த அழுத்தத்தை நிறுத்தாது.

மறுநாள் அந்த எறும்புகளில் இரண்டைத் தீப்பெட்டியில் பிடித்து, தெரிந்த ஒரு பூச்சியியல் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை அவருக்கு. டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா. 'செந்நிறமும் கறுப்புமானது' என்று அர்த்தம். பெயர் வைத்தவர் ஜெர்டன் என்ற, மெட்ராஸ் ராணுவத்து சர்ஜன். தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டு 1851இல் ஒரு மெட்ராஸ் சஞ்சிகையில் எழுதினார். இந்தியா முழுக்கப் பரவலாக உள்ள எறும்பு. இது கொட்டி உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்ததை இலங்கையிலும் தாய்லாந்திலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, சிரிக்க ஒன்றுமில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் கொடுக்கில்?

மிக நன்றாக ஆராயப்பட்டது நெருப்பெறும்பின் விஷம். அமெரிக்காவுக்கு அது தென் அமெரிக்காவிலிருந்து 1930களில் அலபாமாவின் மொபைல் துறைமுகம் வழியாக வந்து, தென் மாநிலங்களையே பிடித்துக்கொண்டது. அதனால்தான் ஆராய்ச்சிக்குப் பணமும் கிடைத்தது. (நம் ஊரில் இருப்பது அதன் உறவுக்காரி. அவளும் உள்ளூர் அல்ல. 16ஆம் நூற்றாண்டில் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் மண்ணோடு மண்ணாக ஏறி ஆசியாவுக்கு வந்தாள் என்று மரபணுவை வைத்துச் சொல்கிறார்கள்.)

ஒரு கொட்டில் இறங்கும் விஷம் ஒரு சொட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. அதில் ஏறத்தாழ 95 சதவீதம் ஆல்கலாய்டு எனப்படும் எண்ணெய் போன்ற ரசாயனம். மிளகின் காரத்துக்குக் காரணமான பொருளுக்கும் இதற்கும் மூலக்கூறில் ஒரே மாதிரியான வளையம் உண்டு. எரிச்சலும், மறுநாள் தோன்றும் சீழ்க் கொப்புளமும் இதன் வேலை. புரதம்? சுமார் 0.1 சதவீதம். ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் பத்திலிருந்து நூறு பங்கு வரை ஒரு கொட்டில் இறங்குகிறது. தேனீயின் ஒரு கொட்டில் வருவது இதைப்போல் குறைந்தது ஐந்நூறு மடங்கு.

கணக்குப் பார்த்தே பழகியவனுக்கு இந்த எண்கள் தூக்கத்தைக் கெடுத்தன. ஏனென்றால் ஆளைக் கொல்லக்கூடியது அந்த 95 அல்ல. நெருப்பெறும்புப் புற்றின் மேல் விழுந்து ஆயிரக்கணக்கில் கொட்டு வாங்கியவர்கள் கொப்புளங்களோடு பிழைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு கொட்டில் இறந்தவர்களும் உண்டு. அவர்களைக் கொன்றது தூசியிலும் தூசியான அந்தப் புரதம். இன்னும் சரியாகச் சொன்னால், புரதத்தைக் கண்ட அவர்களுடைய உடம்பு.

முதல் கொட்டில் உடம்பு அந்நியப் புரதத்தைப் பார்த்து, அதற்கென்று ஒரு எதிர்பொருளைத் தயாரித்து, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் காவலிருக்கும் 'மாஸ்ட்' செல்களின் மேல் பதித்து வைக்கிறது. எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை, சிலருக்கு. அடுத்த முறை அதே புரதம் வந்து ஒட்டியதும் காவல் செல்கள் கையில் இருக்கும் ஹிஸ்டமினை மொத்தமாகக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, கசிகின்றன. அழுத்தம் சரிகிறது, தொண்டை வீங்குகிறது. முதல் முறை முழங்கையோடு நின்றது இரண்டாம் முறை ஏன் ஆளையே சாய்த்தது என்பதற்கு இதுதான் விளக்கம். இதற்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயரிட்ட பிரெஞ்சு விஞ்ஞானி ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். அவர் நாய்களுக்குப் போட்டுப் பார்த்தது கடல் அனிமோனின் விஷத்தை, கதை அதேதான்.

நெருப்பெறும்பில் இப்படி ஒவ்வாமை உண்டாக்கும் முக்கியப் புரதங்கள் நான்கு. அவற்றில் ஒன்று செல்லின் மேலுறையில் உள்ள கொழுப்பை வெட்டும் நொதி. குளவி விஷத்தில் இருப்பதற்கு நெருங்கிய சொந்தம், மூன்றாவதும் அப்படியே. அதனால்தான் குளவிக்கு ஒவ்வாதவர்களின் ரத்தம் சில சமயம் எறும்பு விஷத்தையும் அடையாளம் கண்டுகொள்கிறது. பத்துக் கோடி ஆண்டுக்கு முந்தைய குடும்ப உறவை நம் ரத்தம் கண்டுபிடிக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். 2012இல் வெளியான ஒரு பிரேசில் ஆய்வு அந்த ஆயிரத்தில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்த்து 46 புரதங்களை அடையாளம் கண்டது.

46 புரதம் எறும்புக்கு எதற்கு? என் மனைவியைச் சாய்க்க அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

அந்த நான்கில் இரண்டாவது புரதத்தின் வடிவத்தைப் படிகமாக்கிப் பார்த்தபோது, உள்ளே ஒரு குழி இருந்தது. எண்ணெய்ப் பசையுள்ள சின்ன மூலக்கூறுகள் அதில் போய் உட்காரலாம். பூச்சிகள் வாசனையைச் சுமக்கப் பயன்படுத்தும் புரதங்களின் சாயல் அதில் இருக்கிறது. அதாவது, ஒவ்வாமைக்காரர்களின் உடம்பு பரம எதிரியாகக் கருதும் இது, எறும்புகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் வாசனைக்கு வெறும் ஜாடியாக இருந்திருக்கலாம்.

விஷம் என்றாலே ஆயுதம் என்றுதான் நாம் நினைக்கிறோம். எறும்பு அதை வீட்டு வேலைக்கும் வைத்திருக்கிறது. நெருப்பெறும்பு வயிற்றைத் தூக்கி நடுக்கி விஷத்தை நுண் துளிகளாகத் தெளிக்கும். குஞ்சுகளின் மேல் மிக மிகக் கொஞ்சம், கிருமி அண்டாமல் இருக்க. வேறு ஜாதி எறும்பு எதிரே வந்தால் அதைப்போல் பல நூறு மடங்கு. அளவு தெரிந்து செலவழிக்கிறார்கள். பிரெஞ்சு கயானாவில் ஓர் எறும்பின் விஷத்திலிருந்து 2001இல் பிரித்தெடுத்த 15 பெப்டைடுகள், அதாவது குட்டிப் புரதங்கள், பாக்டீரியாவைக் கொல்லக்கூடியவை. இரையைப் புற்றுக்குள் கொண்டுவரும்போது அதோடு கிருமியும் வருமே, அதற்கு முன்னேற்பாடு. கட்டெறும்பு வகையோ தன் அமிலத்தைத் தானே நக்கி விழுங்கி, இரைப்பையைப் புளிக்க வைத்து, சாப்பாட்டில் வந்த கிருமியைக் கொல்கிறது. இது 2020இல் தெரியவந்தது.

இரை விஷயத்தில் நம் தென்னிந்தியக் காட்டில் ஒரு நிபுணி இருக்கிறாள். குதிக்கும் எறும்பு, இதற்கும் 1851இல் பெயர் வைத்தவர் ஜெர்டன்தான். துள்ளிப் பிடித்த பூச்சியைக் கொட்டி முடமாக்கி, உயிரோடு புற்றுக்குள் கொண்டுபோய் வைக்கும். செத்தால் அழுகும், அசையாமல் உயிரோடு இருந்தால் கெடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் வேறு வழியில்லை.

ஆனால் வலிக்க வைப்பது மட்டும் நம்மைப் போன்றவர்களுக்கென்றே செய்யப்பட்டது. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் துப்பாக்கிக் குண்டு எறும்பு என்று ஒன்று உண்டு. பூச்சிகளிடம் கொட்டு வாங்கி வலிக்கு மதிப்பெண் போட்ட அமெரிக்கர் ஜஸ்டின் ஷ்மிட் (2023இல் காலமானார்) அதற்குத்தான் உச்ச மதிப்பெண் கொடுத்தார். அதன் விஷத்தில் உள்ள பொனெராடாக்சின் 25 அமினோ அமிலங்கள் கோத்த சின்ன மாலை. நரம்பில் சோடியம் போகும் வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். நரம்பு நிறுத்தாமல் வலி, வலி என்று தந்தி அடிக்கும். இந்த வகைப் பெப்டைடுகள் முதுகெலும்புள்ள பிராணிகளின் நரம்பு வாசலைத்தான் குறிவைக்கின்றன என்று குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து சாமுவேல் ராபின்சன் குழு 2023இல் காட்டியது. அதே பல்கலைக்கழகத்தினர் 2022இல் ஆஸ்திரேலியாவின் பெரிய புல் எறும்பில் கண்டுபிடித்தது இன்னும் தந்திரமானது. பாலூட்டிகளின் உடம்பில் இயல்பாகச் சுரக்கும் ஒரு வளர்ச்சி ஹார்மோனின் நகலை அந்த எறும்பு விஷத்தில் கலந்து வைத்திருக்கிறது. கொட்டிய இடம் பல நாள் தொட்டாலே வலிக்கும்படி செய்கிறது. புற்றைத் தோண்டித் தின்னும் எக்கிட்னா போன்ற பிராணிக்கு 'இனி இந்தப் பக்கம் வராதே' என்ற எச்சரிக்கை என்பது அவர்களின் ஊகம்.

எனக்கு இது நியாயமாகப் படுகிறது. செத்த மிருகத்தால் எறும்புக்கு லாபமில்லை. வலித்து, ஞாபகம் வைத்துக்கொண்டு, உயிரோடு திரும்பிப் போகும் மிருகம்தான் அடுத்த முறை புற்றை விட்டு விலகும். வலி எறும்பின் உத்தேசம். அனஃபிலாக்சிஸ் அதன் உத்தேசத்தில் இல்லை. நம் உடம்பு போடும் தப்புக் கணக்கு அது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு முருங்கை மரத்தின் மேல் எனக்கிருந்த கோபம் குறைந்தது. சீட்டு எழுதியவர் மேல் இருந்தது குறையவில்லை.

தப்புக் கணக்கைத் திருத்தவும் முடியும். டாஸ்மேனியாவில் 'ஜாக் ஜம்பர்' என்ற எறும்பு கொட்டி மரணங்களே நேர்ந்திருக்கின்றன. அங்கே சைமன் பிரவுன் என்ற அவசர சிகிச்சை டாக்டரும் அவருடைய குழுவினரும், அந்த எறும்பின் விஷத்தையே மிக நுண்ணிய அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டி ஊசியாகப் போட்டார்கள். 2003இல் முடிவு வெளியானது. 68 தொண்டர்கள் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு விஷம், மற்றவர்களுக்கு வெறும் ஊசி. பிறகு எல்லாத் தற்காப்பும் தயாராக வைத்துக்கொண்டு நிஜ எறும்பை விட்டே கொட்ட வைத்தார்கள். வெறும் ஊசி போட்டுக்கொண்டு கொட்டு வாங்கிய 29 பேரில் 21 பேருக்கு உடம்பு முழுக்க எதிர்விளைவு வந்தது. விஷ ஊசி போட்டுக்கொண்ட 23 பேரில் ஒருவருக்கும் இல்லை. தெரிந்தே கையை நீட்டிய அந்த 29 பேரை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. அந்தச் சிகிச்சைக்கு எறும்பு எறும்பாக அறுத்து விஷப்பையை எடுக்க வேண்டும். அமெரிக்காவில் நெருப்பெறும்புக்கு அந்த சிரமம்கூடப் படுவதில்லை. முழு எறும்பை அரைத்து வடித்த சாற்றைத்தான் ஊசியாகப் போடுகிறார்கள். அதிலேயே போதுமான விஷப் புரதம் இருக்கிறதாம்.

எங்கள் முருங்கை மரத்து எறும்புக்கு அப்படி ஊசி எதுவும் கிடையாது. ஒவ்வாமை டாக்டரிடம் கேட்டேன். அந்த எறும்பின் விஷத்தைச் சேகரித்துத் தரப்படுத்தி விற்பவர்கள் யாருமில்லை என்றார். வெளிநாட்டில் பேனா மாதிரி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அட்ரினலின் ஊசியை நான் போய்க் கேட்ட எந்தக் கடையிலும் தரவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தது சாதாரண ஆம்பியூல்: ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் மருந்து, மலிவான சமாசாரம். தொடையின் வெளிப்பக்கம், நடுவில், தசையில் அரை மில்லி. துணிக்கு மேலேயே போடலாம். போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், எழுந்து நடக்க விடக்கூடாது. ஆரஞ்சுப் பழத்தில் தண்ணீரை ஏற்றிப் பழக வைத்தார்கள், என்னையும் எதிர்வீட்டுப் பையனையும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், வெளிச்சமும் சூடும் படாமல் இருந்தால் போதும் என்றார்கள். காலாவதி தேதியைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.

குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் மரத்தை வெட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றது என் மனைவிதான். இப்போது தரையில் நின்று தொரட்டியால் கிளையை ஒடித்து, உதறி, அரை மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு கீரை ஆய்கிறாள். கையுறை நான் வாங்கிக் கொடுத்தது. தோட்டக்காரர்கள் போடும் தடித்த ரகம். அதில் முருங்கைக்கீரையை ஆய்ந்து முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடுகிறது.